மூன்றாம் வரிசை, ஐந்தாவது குழி

கூலாயில் ஒரு கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுக்கும் வேலையில் என் பாதி ஆயுள் போயிற்று. டாக்டர்மார் எழுதுகிற எழுத்து இருக்கிறதே, கோழி கிளறிய குப்பை கூட அதைவிடப் பார்க்க லட்சணமாக இருக்கும். அதைப் படித்துப் படித்துத்தான் என் கண் கெட்டது, வாயும் கெட்டது. வேலையை விட்ட பிறகும் விட்டார்களா? யார் வீட்டில் பழைய தாள் கிடைத்தாலும் உடனே எனக்குப் போன். "நீங்கதான் டாக்டர் எழுத்தையே படிப்பீங்களே, இதப் பாத்துச் சொல்லுங்க லா" என்பார்கள். சொன்னதற்கு ஒரு டீ கூட வாங்கிக் கொடுக்க மாட்டார்கள்.

அப்படித்தான் அக்காவும் ஒரு நாள் கூப்பிட்டாள். எடுத்த எடுப்பிலேயே, "ஏண்டி, சுடுகாட்டு புக்கு கெடச்சிருச்சாம். நீ வந்து படி" என்றாள். எந்தச் சுடுகாடு, என்ன புத்தகம் என்றெல்லாம் நான் கேட்கவில்லை. அக்கா அந்த ஒரு விஷயத்தைத் தவிர வேறு எதையும் பேசாமல் பல மாதம் ஆகியிருந்தது.

நான் கைக்குழந்தையாக இருந்தபோது அம்மா இறந்துபோனார். அப்போது நாங்கள் செடெனாக் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் இருந்தோம். அக்காவுக்குப் பன்னிரண்டு வயது. அம்மாவைப் புதைத்த கையோடு அப்பா எங்கள் இருவரையும் இழுத்துக்கொண்டு காஹாங் பக்கம் வேறு தோட்டத்துக்கு வேலைக்குப் போய்விட்டார். என்னைத் தூக்கி, குளிப்பாட்டி, சோறு ஊட்டி, அடித்து வளர்த்ததெல்லாம் அக்காதான். அவள் பள்ளிக்கூடம் போனது அம்மா இருந்த வரைக்கும்தான். ஆகவே அவள் ஒன்று கேட்டால் நான் முணுமுணுப்பேன், சண்டை போடுவேன், ஆனால் செய்துவிடுவேன்.

இப்போது அக்காவுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. வாரத்தில் பாதி நாள் டயாலிசிஸ் நாற்காலியில். மீதி நாள் அந்தக் களைப்பில். அவள் கணவர் இறந்து வெகு நாளாகிறது, பிள்ளைகள் சிங்கப்பூரில் வேலை. அம்மாவைப் புதைத்த தோட்டம் கைமாறி, கைமாறி, கடைசியில் அங்கே டேட்டா சென்டர் வருகிறது என்றார்கள். தோட்டத்துப் பழைய இடுகாட்டையும் எடுக்கப்போகிறார்களாம். தோட்டத்துக் கோயில் சுவரில் அறிவிப்பு ஒட்டியிருந்தது. சொந்தக்காரர்கள் வந்து உரிமை கோரினால் எலும்பை எடுத்து அவர்கள் கையில் கொடுப்பார்கள், சடங்கு செய்துகொள்ளலாம். கேட்பாரில்லாத குழிகளை எல்லாம் தோண்டி, டவுன் இடுகாட்டின் பின்பக்கம் ஒரே பெரிய குழியில் சேர்த்துவிடுவார்கள். உரிமை கோர வாய்ப்பேச்சு போதாது. புதைத்த பதிவேட்டில் அந்தக் குழி இருக்க வேண்டும்.

அக்கா என்னிடம் சொன்னாள்: "கண்டவன் எலும்போட நம்ம அம்மாவயும் ஒரே குழியில கொட்டிருவானுங்கடி. அதப் பாத்துட்டுத்தான் நான் சாவணுமா? எடுத்து எரிச்சு, கடல்ல கரைச்சிட்டா நான் நிம்மதியா போயிருவேன்."

"போறேன் போறேன்னு சொல்றவங்க யாரும் போறதில்ல, நீ சும்மா இரு" என்று அதட்டினேன். ஆனால் அவள் கையைப் பார்த்தேன். ஊசி குத்திக் குத்தி முழங்கைக்குக் கீழே கயிறு மாதிரி முடிச்சு முடிச்சாக வீங்கியிருந்தது. அவள் போகத்தான் போகிறாள், அது எனக்கும் தெரிந்திருந்தது.

பதிவேடு கோயில் ஸ்டோரில், பழைய லவுட்ஸ்பீக்கர் பெட்டிகளுக்குப் பின்னால் கிடந்ததாம். கோயில் செயலாளர் அதைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு வந்தார். நாற்பது வயதிருக்கும், லாரி கம்பெனியில் வேலை பார்க்கிறவர். "ஆண்ட்டி, பாத்து லா. தொட்டாலே ஒடையுது. நானும் படிச்சுப் பாத்தேன், அலமாக், இது இங்கிலீஷா என்னான்னே புரியல" என்றார். கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தனுப்பினார்.

எழுதியவர் தோட்டத்துக் கிராணி, ஆபீசில் கணக்கெழுதுகிறவர். யாழ்ப்பாணத்துக்காரர் என்று அக்காவுக்கு நினைவு. வெள்ளைக் காற்சட்டை, குடை, யாரையும் நிமிர்ந்து பார்க்காத முகம். தொட்டு எழுதும் பேனாவில், வலப்பக்கம் சாய்த்து, ஒரே இழுப்பில் எழுதிய ஆங்கிலம். மை பழுப்பாகி, தாளும் பழுப்பாகி, எது எழுத்து எது கறை என்று தெரியாது. மேல்நோக்கிப் போகும் கோடெல்லாம் மறைந்துவிட்டது. கீழ்நோக்கி அழுத்திய கோடுகள் மட்டும் நிற்கின்றன. வேலிக்கட்டையை விட்டுக் கம்பியை உருவிக்கொண்டு போனது போல. கரையான் வேறு ஓரத்தைத் தின்றிருந்தது.

அக்கா வீட்டு அடுப்படி மேசையில் அதைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தேன். டயாலிசிஸ் இல்லாத நாட்களில் அக்காவும் எதிரே உட்கார்வாள். போனில் படம் எடுத்து, பெரிதாக்கி, கறுப்பைக் கூட்டிப் பார்ப்பேன். கிளினிக்கில் கற்ற வழிதான். முதலில் எல்லாப் பக்கத்திலும் திரும்பத் திரும்ப வருகிற சொல்லைப் பிடிக்க வேண்டும். அது தெரிந்துவிட்டால் அதிலுள்ள எழுத்துகள் கைக்கு வந்துவிடும், அவற்றை வைத்து அடுத்த சொல். இந்த மனிதருக்கு 'டி' எழுத்துக்குக் குறுக்குக் கோடு போடுவதில் அவசரம், ஒரு சொல்லுக்குப் போட வேண்டியதை அடுத்த சொல்லின் தலைமேல் போட்டுவிட்டுப் போவார். அதைக் கண்டுபிடிக்கவே எனக்கு ஒரு வாரம் பிடித்தது. கண்டுபிடித்தபோது கெட்ட வார்த்தை சொன்னேன், அக்கா வாயில் போட்டாள்.

திரும்பத் திரும்ப வந்த சொல் என்ன தெரியுமா? "காய்ச்சல்." இறந்த காரணம் என்ற பத்தியில் மேலே ஒரு தடவை அதை எழுதிவிட்டு, கீழே பக்கம் முழுக்க மேற்படி, மேற்படி என்று இரண்டிரண்டு சின்னக் கோடு. எல்லோருக்கும் காய்ச்சலா? மரம் விழுந்து செத்தவனுக்கும், பிரசவத்தில் போனவளுக்கும்? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் கிளினிக் டாக்டர்கள் கிறுக்கினாலும் நோயாளிக்கு நோயாளி வேறு வேறாகக் கிறுக்குவார்கள்.

அடுத்து பெயர். ஆண்களுக்குப் பெயர் இருந்தது, பக்கத்தில் செக்ரோல் எண், அதாவது சம்பளப் பட்டியலில் அவர்களுடைய நம்பர். பெண்களுக்கு அதுவும் இல்லை. இன்ன எண்காரனின் மனைவி, இன்ன எண்காரனின் மகள், அவ்வளவுதான். குழந்தைகள் வெறும் குழந்தைகள்.

"அம்மா பேர் இருக்காதுக்கா" என்றேன்.

"என்னாடி சொல்ற?"

"பொம்பளைங்க பேரையே இந்தப் படுபாவி எழுதல. புருஷன் நம்பர்தான்."

அக்கா, "எரநூத்தி பதினாலு" என்றாள். "அப்பா நம்பரு. கள்ளு குடிச்சிட்டு விடிகாலைல எந்திரிக்க மாட்டாரு. அம்மா என்னயத்தான் பெரட்டுக்கு அனுப்பும். இருட்டுல எல்லாரும் வரிசையா நிப்பாங்க, கிராணி நம்பரா கூப்பிடுவாரு. எரநூத்தி பதினாலுன்னா நான்தான் வர்றார்னு கத்துவேன்." சொல்லிவிட்டு அழுதாள். அம்மா எந்தப் பக்கத்தில் இருக்கிறார் என்று தேடுவதற்கு அப்பாவின் நம்பர்தான் வேண்டியிருந்தது என்பதில் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

நம்பர் கிடைத்த பிறகு வேலை சுலபமாயிற்று. இருநூற்றுப் பதினாலின் மனைவி. வயது, முப்பது இருக்கலாம் என்று அர்த்தம் வரும்படி ஒரு சுழி. காரணம், மேற்படி. மூன்றாம் வரிசை, ஐந்தாவது. ஒரே ஒரு வரி. விரலை வைத்தால் மறைந்துவிடும். பெற்ற தாயை நான் பார்த்தது அந்த வரியில்தான். முகம் தெரிய ஒரு படம் கூட எங்கள் வீட்டில் கிடையாது.

"மூணாவது வரிச, அஞ்சாவது! நம்ம எடம்தாண்டி!" என்று அக்கா மேசையைத் தட்டினாள்.

நம்ம இடம் என்று அவள் சொன்னதை இங்கே விளக்கிவிட வேண்டும். அம்மாவைப் புதைத்த அன்று அக்கா இடுகாட்டுக்குப் போகவில்லை. பெண்பிள்ளைகள் போகிற வழக்கம் அப்போது கிடையாது, லயத்து வாசலோடு சரி. பார்த்தவர் அப்பா ஒருவர்தான். அப்பா எங்களோடு காஹாங்குக்குப் போனவர், வருஷக்கணக்காகத் திரும்பிப் பார்க்கவில்லை. அக்கா கல்யாணமாகிக் கூலாய்க்கு வந்த பிறகுதான், நச்சரித்து நச்சரித்து அப்பாவை அழைத்துக்கொண்டு போய் இடத்தைக் காட்டச் சொன்னாள். அதற்குள் ரப்பர் மரங்களை வெட்டி, எண்ணெய் எடுக்கும் செம்பனை நட்டிருந்தார்கள். குழிகளுக்கு அடையாளமாக நட்டிருந்த கட்டைகள் எல்லாம் மக்கிப்போயிருந்தன. அப்பா கேட்டில் நின்று விரல்விட்டு எண்ணிக்கொண்டு நடந்தார். மூன்றாவது வரிசையில் ஐந்தாவது மேட்டைக் காட்டி, "இதான் ஒங்கம்மா" என்றார். அதற்குப் பிறகு ஒரு தீபாவளி தப்பியதில்லை. தீபாவளிக்கு முன்னால் போய்ப் புல் செதுக்கி, இலை போட்டு, அம்மாவுக்குப் பிடித்ததெல்லாம் சமைத்துப் படைப்பாள். கருவாட்டுக் குழம்பு கட்டாயம். அம்மா சுமங்கலியாகப் போனவர், அதனால் சிவப்புச் சேலை, கண்ணாடி வளையல், குங்குமம், தலை நிறையப் பூ. அப்பா இருந்தவரை அவரும் வருவார், சுருட்டு பிடித்தபடி நிற்பார்.

ஆகவே எழுத்தும் இடமும் ஒத்துப்போனதில் அக்காவுக்குத் தாங்க முடியாத சந்தோஷம். உரிமை கோரும் படிவம் எழுதிக் கொடுத்தோம். டேட்டா சென்டர் கம்பெனி ஆள் எங்களோடு வந்து அந்த மேட்டில் சிவப்புப் பெயின்ட் அடித்த குச்சியை ஊன்றினார். அக்கா குச்சியைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, வந்துட்டோம், இன்னும் கொஞ்ச நாளுதான்" என்று பேசினாள்.

நான் அந்த நேரத்தில் பக்கத்துக் குழியைப் பார்க்காமல் இருந்திருக்கலாம். அதில் மட்டும் சிமெண்டுக் கல். அதில் செதுக்கியிருந்த வருஷத்தில் நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். நான் பால்குடிக்கும்போது புதைத்தவருக்கு அடுத்தபடி, அதே வரிசையில், அதற்கு அத்தனை வருஷம் கழித்துப் புதைத்தவரா? கிராணி அப்படிச் செய்கிற ஆள் இல்லை. இத்தனை நாள் அவர் எழுத்தோடு குடும்பம் நடத்தியதில் எனக்குத் தெரிந்துவிட்டது. மனுஷனுக்கு இரக்கம் கிடையாது, ஆனால் ஒழுங்கு உண்டு. வரிசை வரிசையாக, வருஷம் வருஷமாகத்தான் போவார்.

வீட்டுக்கு வந்து மறுபடி பதிவேட்டை எடுத்தேன். முதல் தாள் அட்டையோடு ஒட்டிப்போயிருந்தது. அதை நான் அதுவரை சட்டை செய்யவில்லை. கெட்டிலில் தண்ணீர் கொதிக்கவைத்து, ஆவியைக் காட்டிக் காட்டி, வெண்ணெய்க் கத்தியால் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்தேன். புதுப் புத்தகத்தில் எல்லோரும் முதல் பக்கத்தில் அழகாக எழுதுவார்கள் அல்லவா, அவரும் எழுதியிருந்தார். குறுக்குக் கோடுகூட அதனதன் இடத்தில். ஆற்றுப்பக்கத்து வாசலிலிருந்து வரிசைகள் எண்ணப்படும் என்று.

இப்போது இருக்கிற கேட் ரோட்டுப்பக்கம். செம்பனை நட்டபோது புது ரோடு போட்டு கேட்டை இந்தப் பக்கம் மாற்றியிருக்கிறார்கள். அப்பா திரும்பி வந்தது அதற்குப் பிறகு. அவர் நினைவில் கேட் இருந்தது, மூன்று இருந்தது, ஐந்து இருந்தது. எந்தப் பக்கத்துக் கேட் என்பது மட்டும் இல்லை. மண்ணெண்ணெய் விளக்கும் கள்ளுமாக இருந்த மனுஷன், குடித்துவிட்டு மனைவியைப் புதைத்தவர், அவரை எப்படித் திட்டுவது? திட்டினேன். நன்றாகவே திட்டினேன், செத்தவர் என்றும் பார்க்கவில்லை.

பதிவேட்டின் கடைசி வரிசையிலிருந்து பின்னோக்கி எண்ணினேன். நாங்கள் படைத்துக்கொண்டிருந்த குழிக்காரனைக் கண்டுபிடித்தேன். ஓர் ஆண். ஒண்டிக்கட்டை. உறவினர் இல்லை. காரணம், மேற்படி. இத்தனை தீபாவளிக்கும் அக்கா கையால் சிவப்புச் சேலையும் வளையலும் பெற்றுக்கொண்டது அவன்தான். தனியாக உட்கார்ந்திருந்த எனக்கு ஒரு கணம் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் அந்தச் சிரிப்பு எங்கே போய் முடிந்தது என்று சொல்லத் தேவையில்லை.

மறுநாளே செயலாளரைக் கூட்டிக்கொண்டு ஆற்றுப்பக்கம் போனேன். அங்கே இடுகாடே இல்லை. சிவப்பு மண்ணைச் சீவித் தள்ளி, தூண் எழுப்பிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் ஒரு ஜன்னல்கூட இல்லாத சாம்பல் நிறக் கட்டடம் ஏற்கெனவே நின்றது.

"இந்தப் பக்கமும் சுடுகாடா ஆண்ட்டி? எங்கப்பா காலத்துலயே இங்க செம்பனதான்" என்றார் செயலாளர். "சுடுகாட்டோட மொத கொஞ்சம் வரிசையயும் சேத்து மரம் நட்டுட்டானுங்க போல."

மனிதன் மேல் மரம் நட்டு, மரத்தைப் பிடுங்கித் தூண் நட்டாயிற்று. இனி யாரிடம் போய்க் கேட்பது? அவரிடம் என்ன சொல்லிவிட்டுக் கிளம்பினேன் என்று இப்போது நினைவில்லை.

அக்காவிடம் சொன்னேன். மறைத்து வைத்து நாடகம் ஆடுகிற பழக்கம் எனக்கில்லை. அவள் முதல் பக்கத்தைப் பார்க்கக்கூட மாட்டேன் என்றாள்.

"யாரு எழுதுனது? அந்தக் கிராணியா?"

"ஆமா."

"ஒங்கம்மா பேர எழுதக் கை வராதவன் எழுதுனத நம்புவ, ஒங்கப்பன் காட்டுனத நம்ப மாட்ட. அப்படித்தானே?"

"அக்கா, பக்கத்துக் கல்லப் பாரு, வருஷத்தப் பாரு..."

"வாய மூடுடி! நான் அழுதது எனக்குத் தெரியாதா? அம்மா இல்லாத எடத்துலயா இத்தன வருஷம் நான் அழுதேன்? எனக்கு ஒண்ணுன்னா அங்கதான ஓடுவேன். எங்க வீட்டுக்காரரு போனப்ப அங்கதான போய் விழுந்தேன். படிக்கத் தெரிஞ்சா பெரிய இவளா நீ?"

நானும் சும்மா இருக்கவில்லை. கத்தினேன். படிக்கச் சொன்னது நீதானே என்றேன். அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்ததும் நிறுத்திக்கொண்டேன். மறுநாள் டயாலிசிஸுக்கு நான்தான் கூட்டிப் போனேன்.

தோண்டுகிற நாளும் வந்தது. அக்கா நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். புதுச் சிவப்புச் சேலை மடியில். நான் வரமாட்டேன் என்றுதான் இருந்தேன், ஆனால் அவளை யார் கூட்டிப்போவது? தோண்டுகிறவர் அனுபவசாலி. மண்ணைக் கையால் விலக்கி, ஒவ்வொன்றாக எடுத்து வெள்ளைத் துணியில் வைத்தார். தொடை எலும்பை எடுத்துத் துடைத்து, நீளத்தைப் பார்த்து, இயல்பாக, "அப்பாங்களா?" என்று கேட்டார்.

"அம்மா" என்றாள் அக்கா.

அவர் என்னைப் பார்த்தார். நான் மண்ணைப் பார்த்தேன். அவர் அதையும் துணியில் வைத்துவிட்டு மறுபடி குழிக்குள் குனிந்தார். அக்கா எழுந்து வந்து சேலையை விரித்து எல்லாவற்றையும் மூடினாள், குங்குமம் வைத்தாள். "அம்மா, அம்மா" என்று அவள் அழுத அழுகையில் அங்கே நின்ற கம்பெனி ஆள் தொப்பியைக் கழற்றிக்கொண்டார். என்னை அழச் சொல்லி ஜாடை காட்டினாள். எனக்கு வரவில்லை. அந்த ஒண்டிக்கட்டையைப் பெற்றவள் எங்கேயோ ஊரில் இவனுக்காக அழுதிருப்பாளா என்றுதான் ஓடிக்கொண்டிருந்தது.

எரித்து, சாம்பலை எடுத்துக்கொண்டு பொந்தியான் கடற்கரைக்குப் போனோம். நீர் வற்றிச் சேறாகக் கிடந்தது. சேற்றில் நடந்து அலை இருக்கிற இடம் வரை போக அக்காவால் முடியவில்லை, என் தோளைப் பிடித்துக்கொண்டு பாதியில் நின்றாள். நான்தான் போய்க் கரைத்தேன். முறைப்படி என்ன சொல்ல வேண்டுமோ சொன்னேன். யாராயிருந்தாலும் போய்வா என்று மனதுக்குள் சேர்த்துச் சொன்னேன், அதில் தப்பில்லை.

திரும்பி வரும்போது அக்கா பின்சீட்டில் படுத்துக்கொண்டாள். தூங்குகிறாள் என்று நினைத்து ரேடியோவைச் சின்னதாக்கினேன். செம்பனைத் தோட்டங்கள் வர ஆரம்பித்த இடத்தில் அவள் குரல் கேட்டது. அழுகிற குரல் இல்லை, கோபமும் இல்லை, கடையில் விலை கேட்கிறவளைப் போலத்தான் கேட்டாள்.

"அப்ப அம்மாவுக்கு இத்தன வருஷமா யாருமே ஒரு வாய் சோறு வெக்கலயாடி?"

ரேடியோவை அணைத்தேன். பிறகு ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "அப்பா வெச்சிருப்பாருக்கா" என்றேன்.

"அப்பாவும் நம்ம கூடத்தானடி வந்தாரு" என்றாள் அக்கா.